இருபத்தொன்பதரை அங்குலம்

1

இந்தப் பிப்ரவரியில் லூர்து போய் ஒரு வருஷம் ஆனது. லூர்து என் கணவர். ராயபுரத்தில் இருக்கும் அவருடைய அக்கா ஆரோக்கியமேரியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி ஒரு மாதம் முன்னாலேயே கோயிலில் நினைவுப் பூசைக்குப் பேர் எழுதிக்கொடுத்துவிட்டார். பூசைக்கு வருகிறவர்களுக்கு டீ, பன் சொல்லிவைத்தார். யார் வராமல் டிமிக்கி கொடுப்பார்கள் என்று யூகித்து, அவர்களை அப்போதே திட்டவும் ஆரம்பித்துவிட்டார். போனில் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீ இன்னாம்மா பண்ணப்போற அங்க?" என்று கேட்டார்.

நான் வில் வாங்கியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

நம்ம ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எனக்கு நாற்பத்துநான்கு வயசு. திருவொற்றியூரில் பிறந்து, ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, தொண்ணூற்றெட்டில் கனடாவின் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை. இப்படிப்பட்ட ஒருத்தி வில்லைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்றால், புருஷன் போன துக்கத்தில் புத்தி கெட்டுப்போச்சு என்றுதான் தெருவே பேசும். பாதி உண்மைதான். மீதியைச் சொல்கிறேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் டைப்பிஸ்டாக இருந்தேன். துறைமுகத்துச் சரக்கு வந்து இறங்குகிற கிடங்கு. டைப்ரைட்டர் மேல் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். அங்கே பாரம் தூக்கும் செயின் பிளாக் ரிப்பேரானால், எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஒருவர் லீவு நாளில் சைக்கிளில் வருவார். ஒரு நாள் அதைச் சரி பண்ணி, ஒரு பழைய லாரி இன்ஜினை மாட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இப்டி வாங்க. ஒத்தக் கையால இந்தச் சங்கிலிய இஸ்து பாருங்க."

"நானா? இன்ஜினையா?"

"பயந்துக்காதீங்க. பாரம் உங்களுக்கு இல்ல. கப்பிக்குத்தான்."

இழுத்தேன். அத்தனை பெரிய இன்ஜின் என் ஒரு கைக்கு ஏறியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் சிரித்தார். எட்டு மாதம் கழித்து வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் புடவை எடுத்தோம். வேறென்ன சொல்ல, இன்ஜினைத் தூக்கிக் காட்டிப் பெண்ணை மயக்கினவர் வட சென்னையில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

இங்கே அவருக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் மான் வேட்டைக்காரர்கள். அவர்கள் வைத்திருந்த வில்லைப் பார்த்ததும் மனுஷருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காம்பவுண்ட் வில் என்று பேர். நாம் படத்தில் பார்க்கிற வில் மாதிரி இருக்காது. இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்கும் கேபிள், குறி பார்க்க ஒரு வளையம். வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார்.

"இது வில்லு இல்ல பிலோ. கிரேனு," என்றார். பிலோமினா என்ற என் பேரை அவர் முழுசாகச் சொன்னதே கிடையாது. "மொதல்ல இஸ்கசொல்ல பாரமா இருக்கும். சக்கரம் உருண்டு திரும்பிச்சுனா பாரம் பூடும். நாப்பது பவுண்டு கையில பத்து பவுண்டா நிக்கும். எவ்ளோ நேரம் வேணா புட்சிகினு குறி பாக்கலாம்."

நாற்பது பவுண்டு என்பது ஏறக்குறைய ஒரு பெரிய பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர். தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்த எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கும் ஒன்று வாங்கினார். மகள் ஜெனிக்கு ஒரு குட்டி வில். மானைக் கொல்லவெல்லாம் இல்லை. இந்த ஊர் வில் கிளப்பில் சனிக்கிழமைதோறும் காகிதத்தைக் கொன்றுகொண்டிருந்தோம்.

இந்த வில்லில் ஒரு விஷயம் உண்டு. ஒருத்தர் கை அளவுக்கு அமைத்தது இன்னொருத்தருக்கு ஆகாது. இழுத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சுவரில் முட்டின மாதிரி நின்றுவிடும். அந்த இடம் நம் தாடைக்கு நேராக வரவேண்டும். அதற்கு, இரண்டு கையையும் விரித்து நின்று அந்த அகலத்தை இரண்டரையால் வகுக்கவேண்டும். லூர்து இதைக் கேட்டுவிட்டுத் துள்ளினார். "அட, பாகம்! எங்கப்பா வலைக்கயித்த பாகத்துலதான் அளப்பாரு," என்றார். காசிமேட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கடல் ஆழமும் கயிற்று நீளமும் விரித்த கை அளவில்தான். அடித்தளத்து அறைச் சுவரில் எங்கள் மூவரையும் நிறுத்தி அளந்தார். அவருக்கு இருபத்தொன்பதரை அங்குலம். ஆள் உயரம் சுமார்தான், கை மட்டும் அநியாய நீளம். எனக்கு இருபத்தைந்து. பதினொரு வயசு ஜெனிக்கு இருபத்தொன்று.

வில்லோடு அவர் நிற்கிற போட்டோவை அண்ணிக்கு அனுப்பினோம். கிடைத்த அன்றே போன் வந்தது.

"ஏண்டா, கோயில்ல நாம கும்புடற செபஸ்தியார அம்பு வுட்டுத்தானடா சாவடிச்சானுங்க. நீ இன்னாடான்னா அதையே காசு குட்த்து வாங்கிக்கினு வந்துகீற?"

"நான் ஆரு மேலயும் வுடலக்கா. காயிதத்து மேலதான் வுட்டுக்கினு கீறேன்."

"காயிதம் ஒனுக்கு இன்னாடா பாவம் பண்ணிச்சு?"

திட்டினாரே தவிர, அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்துக்கொண்டார்.

3

போன வருஷம் பிப்ரவரியில் காலை ஷிஃப்டில் மெஷின் பக்கத்திலேயே விழுந்தார். நாற்பத்தெட்டு வயசு. மாரடைப்பு. நான் போர்வை மடிக்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவர் மேல் போர்த்தியிருந்ததை முந்தின நாள் நானே மடித்திருக்கலாம். 

பிப்ரவரியில் இங்கே பூமி கல்லாக உறைந்து கிடக்கும். எங்கள் ஊர்க் கல்லறையில் குழி வெட்ட முடியாது. பெட்டியை ஒரு கட்டடத்தில் வைத்திருந்து மே மாதம்தான் புதைத்தார்கள். இதை அண்ணிக்குப் போனில் விளக்கியபோது அவர் நம்பவில்லை. "மண்ணுக்குக்கூட காத்துக்கினு கீறானா என் தம்பி?" என்று கேட்டுக் கதறினார். நாங்கள் லூர்துவுக்காக இரண்டு முறை அழுதோம், பிப்ரவரியில் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை.

இதற்கு நடுவில் படிவங்கள். கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நம்ம ஊர்க் கிடங்கில் டைப் அடித்துப் பழகின இங்கிலீஷில், 'மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்டு' என்றேன். கவுன்ட்டரில் இருந்த சின்னப் பெண் சிரித்த முகத்தோடு, அப்படியா, புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. இங்கே காலாவதி ஆவது லைசென்ஸும் பால் பாக்கெட்டும்தான். காரில் வந்து உட்கார்ந்து, முதலில் சிரித்தேன், அப்புறம் அரை மணி நேரம் காரை எடுக்க முடியவில்லை.

பேர் விவகாரம் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. விசாவில் அப்பா பேரைக் கடைசிப் பேராகப் போட்டார்கள். அன்றிலிருந்து லூர்து இந்த நாட்டில் மிஸ்டர் அந்தோணி. அந்தோணி என் மாமனார். பாங்க்கில், தொழிற்சாலையில், கடைசியில் பெட்டி மேல் ஒட்டின சீட்டில்கூட என் புருஷன் என் மாமனார் பேரில்தான் இருந்தார். கல்லறைக் கல்லில் மட்டும் சண்டை போட்டு லூர்து என்று முதலில் வெட்டவைத்தேன்.

4

ஜெனி இங்கே வந்தபோது ஏழு வயசு. ராயபுரத்துத் தெருத் தமிழ் அப்படியே அவள் வாயில் இருந்தது. ஒரு முறை பெரிய நகரத்தில் ஒரு தமிழர் விழாவுக்குப் போயிருந்தோம். அவள் ஒரு அம்மாளிடம், "ஆன்ட்டி, நீங்க எங்க கீறீங்க? எங்க வூடு ரொம்ப தூரம்," என்றாள். அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நாலு பேரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். காரில் திரும்பும்போது நான் செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. வூடு இல்லை, வீடு. கீது இல்லை, இருக்கிறது என்று வழியெல்லாம் திருத்திக்கொண்டே வந்தேன். லூர்துதான் கோபப்பட்டார்.

"வுடு பிலோ. எங்க ஆயி அப்பன் பேசுன பேச்சு. அதுல இன்னா கலீஜ் கீது?"

அதற்கப்புறம் அவள் என்னிடம் இங்கிலீஷிலும் அப்பாவிடம் மட்டும் நம்ம பாஷையிலும் பேசினாள். பதினாலு வயசில் கிளப்புக்கு வருவதை நிறுத்தினாள். அப்பா அம்மாவோடு வில் விடுவது அவமானமாம்.  லூர்து அவளுடைய குட்டி வில்லைத் துடைத்து உறையில் போட்டு வைத்தார். அவர் போனபின் ஜெனியின் நம்ம பாஷை மொத்தமாக நின்றுபோனது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது, 'சாப்பிட்டியா', 'யெஸ்', 'எப்போ வருவே', 'லேட்டர்'. அவளுடைய மார்க் எனக்குத் தெரியும், பஸ் நேரம் தெரியும், செருப்பு அளவுகூடத் தெரியும். அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. அவர் போயாகிவிட்டது. இவளும் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறாள் என்ற பயம்தான் இந்த ஒரு வருஷமாக எனக்கு இருந்த ஒரே பயம்.

5

ஜனவரியில் என் வில்லின் கேபிள் நைந்தது. அதை மாற்ற வில்லை அமுக்குகிற ஒரு மெஷின் வேண்டும். எல்லாம் லூர்து பார்த்தது. எந்த ஸ்குரூவை எத்தனை சுற்று சுற்றுவது என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மெக்கானிக் தேவைப்படாத வில் ஒன்று வேண்டும். ஒரு கட்டை, ஒரு நாண், அவ்வளவுதான். நானே மாட்டி நானே கழற்றுகிற மாதிரி.

நெடுஞ்சாலை ஓரம் ஒரு வில் கடை உண்டு. நாற்பது நிமிஷம் ஓட்டவேண்டும். போனில் கேட்டேன். பழைய வில் இருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். என் வில்லை எடுத்தேன். படியேறப் போனவள் திரும்பி வந்து அவருடையதையும் எடுத்தேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியும். காம்பவுண்ட் வில்லை யாரும் தளர்த்தி வைப்பதில்லை. அது எப்போதும் முறுக்கேறித்தான் தொங்கும். அவர் முறுக்கி வைத்தது முறுக்கினபடி, ஆணியில், ஒரு வருஷமாக. துணி எடுக்கக் கீழே போகும்போதெல்லாம் அதைப் பார்க்க என்னால் ஆகவில்லை.

கடையில் கெல்லி என்று ஒரு இளம்பெண். வாய் ஓயாதவள், நல்லவள். சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினாள். ஒரே நீளக் கட்டையாக ஒன்று, முனை வெளிப்பக்கம் வளைந்தது ஒன்று, அதிலேயே மூன்று துண்டாகக் கழற்றுவது ஒன்று. கழற்றுவதில் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வில்லின் மேலும் கீழும் இருக்கிற இரண்டு கையை மட்டும் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். புதுசாக வருகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்றாள்.

"உங்க கை அளவு?" என்று கேட்டுவிட்டு அவளே கையை ஆட்டினாள். "இதுக்கு அது முக்கியமில்லை. இது யார் கைக்கும் வரும். எவ்வளவு இழுக்கிறீங்களோ அதுதான் அளவு. ஆனா ஒண்ணு, இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கிட்டே போகும். கடைசியில் இறங்காது. இருபத்தஞ்சு பவுண்டு எடுத்துக்குங்க."

"ஆறு வருஷமா நாற்பது இழுக்கிறேன்," என்றேன். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர்க் குடத்தோடு மூன்று மாடி ஏறியவளைப் பார்த்து இருபத்தைந்தா?

"காம்பவுண்டிலேர்ந்து வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. எல்லாரும் ரெண்டு வாரத்தில திரும்பி வருவாங்க."

"நான் வரமாட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே நாற்பதை எடுத்து வைத்தாள். அப்புறம் லூர்துவின் வில்லைக் கையில் வாங்கி, சக்கரத்தைப் பார்த்து, "இருபத்தொன்பதரை. யாரோ ரொம்ப நேர்த்தியா வெச்சிருக்காங்க," என்றாள். கொஞ்சம் தயங்கி, "வீட்டில வேற யாருக்காவது இந்த அளவு சேருமா? கேட்டுட்டு வேணும்னா நாளைக்கு வாங்களேன்," என்றாள்.

"யாருக்கும் சேராது. நானும் என் மகளும்தான். எனக்கு இருபத்தஞ்சு. அவள் விட்டே மூணு வருஷம் ஆச்சு," என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு லேசாகத்தான் இருந்தது.

6

கெல்லி சொன்னது சரி. அந்தச் சனிக்கிழமை கிளப்பில் எல்லோரும் பார்க்கப் புது வில்லைத் தூக்கினேன். இதில் குறி பார்க்கிற வளையம் இல்லை, நாணைக் கவ்வி விடுகிற விசை இல்லை, மூன்று விரலால் நாணைப் பிடித்து இழுக்கவேண்டும். இழுத்தேன். பாதிவரை வந்தது. அங்கே சக்கரம் உருண்டு பாரம் இறங்கும் என்று ஆறு வருஷப் பழக்கத்தில் என் தோள் காத்திருந்தது. எதுவும் உருளவில்லை. இன்னும் இழுத்தேன், இன்னும் பாரம். தாடைக்கு வருவதற்குள் கை வெடவெடவென்று நடுங்கியது. அம்பு எங்கேயோ போய்ப் பலகையில் மோதி விழுந்தது.

மறுபடி எடுத்தேன். மறுபடி நடுக்கம். மூன்றாவது தடவை, இழுத்துப் பிடித்தபடியே அழுதுவிட்டேன்.

பத்து வருஷம் இந்த நாட்டில் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போனேன், கார் ஓட்டினேன், பனியில் நடந்தேன், எதற்கும் கலங்கவில்லை. பாங்க் கடிதம், வரிக் காகிதம், ஸ்கூல் மீட்டிங், வெந்நீர் வராத குழாய், இரவில் எனக்கு ஊர் ஞாபகம் வந்து புரளும்போது, 'இன்னா பிலோ, தூக்கம் வர்லியா' என்று ஒரு குரல் என்று எல்லாப் பாரத்தையும் அவர் வாங்கிக்கொண்டிருந்தார். என் கையில் நின்றது பத்து பவுண்டுதான். நாற்பதையும் நானே தாங்குகிறேன் என்று வீறாப்பு பேசிக்கொண்டிருந்தேன். கிளப்பில் இருந்தவர்கள் நல்லவர்கள், என்னைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் கடைக்குப் போனேன். கெல்லி கிண்டல் எதுவும் செய்யவில்லை. நாற்பது பவுண்டுக் கைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு இருபத்தாறில் கொடுத்தாள். அங்கேயே இழுத்துப் பார்த்தேன், தாடைவரை வந்தது. சுவரில் லூர்துவின் வில்லைத் தேடினேன். இல்லை. நான் கொடுத்த இரண்டாம் நாளே போய்விட்டதாம். நல்லதுதான், யாரோ ஒரு ஆள் பயன்படுத்தட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

7

நினைவு நாள் சனிக்கிழமையில் வந்தது. காலைப் பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லியிருந்தேன். சாமியார் சீட்டைப் பார்த்து, "அந்தோணியின் ஆன்மாவுக்காக" என்றார். என் மாமனார் கொடுத்துவைத்தவர், மகனுக்கு வரவேண்டிய செபமும் அவருக்கே போகிறது. பக்கத்தில் ஜெனி நின்றிருந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன், கூப்பிடாமலே வந்தாள். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் டீ போட்டேன். அவள் கீழே போனாள். இரண்டே நிமிஷத்தில் மேலே வந்தாள். 

"அப்பாவோட வில் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"கடையில கொடுத்துட்டேன் ஜெனி. மாத்திக்கிட்டேன். ஒரு மாசம் ஆச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் அளவு சேராதேன்னு..."

"எனுக்குச் சேந்துச்சு."

ஒரு வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து நம்ம பாஷை வந்தது. இப்படி வந்தது.

"எனுக்கு கரீட்டா இருந்துச்சும்மா. இஸ்கூல் வுட்டு வந்து டெய்லி கீழ போவேன். நீ வேலைக்குப் போயிருப்ப. மொதல்ல பாதிகூட வர்ல. எத்தினியோ மாசம் வர்ல. கிறிஸ்மசுக்கு முன்னால ஒரு நாளு முழுசா வந்துச்சு. வந்து நின்னுச்சு. இங்க." தாடையைத் தொட்டுக் காட்டினாள். "அப்பாவுக்கு நின்ன அதே எடத்துல. ஸ்குரூ எதையும் நான் தொடல. அம்புகூட வுடல. அம்பு இல்லாம நாண வுடக்கூடாதுன்னு அப்பா சொல்லிகீறாரு, அதனால மெதுவாத்தான் திருப்பி வுடுவேன். அப்பறம் மாட்டிட்டு மேல வந்துடுவேன். பரீச்சை வந்துச்சுன்னு இந்த ஒரு மாசம்தான் போவல."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கல."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் நீளத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். குளிர்காலக் கோட்டு வாங்கும்போதெல்லாம் கை மட்டும் குட்டையாக இருக்கிறது என்று நானே எத்தனை முறை கடையில் அலுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று முன்பின் தெரியாத கெல்லிக்குத் தோன்றியிருக்கிறது. பெற்றவளுக்குத் தோன்றவில்லை.

கடைக்குப் போன் பண்ணினேன். வாங்கினது வடக்கே காட்டுப் பக்கம் போகிற வழியில் வந்த ஒரு ஆள், அவர் பேர், முகவரி எதுவும் குறித்துவைக்கவில்லை என்றாள் கெல்லி. ஐந்தாறு தடவை மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்கவேண்டும்?

 என் புது வில்லை எடுத்து நாண் மாட்டி அவளிடம் நீட்டினேன். "இது யார் கைக்கும் வரும் ஜெனி. இழுத்துப் பாரு," என்றேன். இப்போது நினைத்தால் என்ன மடத்தனம் என்று இருக்கிறது. அவள் மறுக்கவில்லை. வாங்கி இழுத்தாள். எனக்கு நிற்கிற இடத்தைத் தாண்டி, சுலபமாக இன்னும் நாலு அங்குலம் போனது. பிடித்தாள், மெதுவாகத் திருப்பி விட்டாள், என்னிடம் கொடுத்தாள்.

"நல்லாத்தான் கீது," என்றாள். "ஆனா இது எங்கயும் நிக்க மாட்டேங்குதும்மா."

அந்த நேரம் போன் அடித்தது. ராயபுரத்தில் அப்போது சாயங்காலப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணி. அழுது ஓய்ந்த குரல். பூசைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, சாமியார் லூர்து பேரை எத்தனை தடவை சொன்னார் என்று எல்லாம் சொன்னார். வில்லோடு நிற்கிற போட்டோவுக்குத்தான் மாலை போட்டார்களாம்.

"பிலோ, அந்த வில்லு பத்தரமா கீதாம்மா? அன்னிக்கி நான் திட்டிட்டேன். அவன் கை பட்டது ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. அடுத்த தபா வர்சொல்ல எடுத்துக்கினு வா. நான் ஒரு தபா தொட்டுப் பாக்கணும்."

 "அண்ணி..." என்று மட்டும் சொன்னேன். ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். அண்ணி பேசினது எல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான் ஜெனி பேசறேன். கீது அத்தை. எங்கிட்டதான் கீது. தெனம் இஸ்து பாக்கறேன். பத்தரமா கீது."

அந்தப் பக்கம் அண்ணி சந்தோஷத்தில் கத்தியது சமையலறை முழுக்கக் கேட்டது. "அடி என் கண்ணே, அப்பன் மாறியே பேசுது பாரு!"

ஜெனி அவரிடம் கால் மணி நேரம் பேசினாள், எல்லாம் நம்ம பாஷையில். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாடிக்குப் போய் அவள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், இந்தத் தடவையும் நான் கேட்கவில்லையே என்று உறைத்தது. ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன்.

 "வா," என்றாள்.

அண்ணி, உங்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டுவார்கள், அல்லது நீங்களே கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பீர்கள். வில் இங்கே இல்லை. நான்தான் கொடுத்துவிட்டேன். தொட்டுப் பார்க்க உங்களுக்கு நான் ஒன்றும் கொண்டுவரப் போவதில்லை. என்னைத் திட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். புள்ளையைத் திட்டாதீர்கள். அவள் அந்தப் பொய்யை எனக்காகச் சொன்னாள்.